ஒரே ஒரு ஃபோல்டருக்காக இமேஜை ரீஸ்டோர் செய்த கதை

நான் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிறவன். வீட்டிலிருந்தே வேலை, ஒரே மடிக்கணினி, உதவிக்கு ஆள் கிடையாது. கணினி பற்றி ஓரளவு தெரியும் என்ற நினைப்பு மட்டும் நிறைய உண்டு. பேக்கப் எடுக்காத நண்பர்களைப் பார்த்துச் சிரித்தவன் நான். பேக்கப் எடுத்து வைத்திருந்தும் நாலரை மாத வேலையை நானே என் கையால் அழித்தேன். எப்படி என்று எழுதுகிறேன், ஏனென்றால் இதே தவறைச் செய்யும் இடத்தில் இப்போது யாராவது உட்கார்ந்திருக்கலாம். அவர் இன்னும் பொத்தானை அழுத்தாமல் இருந்தால் நல்லது.

மார்ச் மாதம் கன்ட்ரோல் பேனலில் இருக்கும் ‘விண்டோஸ் 7 பேக்கப் அண்ட் ரீஸ்டோர்’ என்ற பகுதிக்குப் போய் ஒரு சிஸ்டம் இமேஜ் எடுத்தேன். பெயர்தான் விண்டோஸ் 7. அது விண்டோஸ் 10-லும் 11-லும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகி, ஓரிரு பொத்தான் அழுத்தினால் முழு சி டிரைவையும் அப்படியே எடுத்து வைத்துவிடும். அடுத்து மே மாதம், எஸ்எஸ்டி (மடிக்கணினிக்குள் இருக்கும், சுழலாத வகை டிஸ்க்) நிரம்பிவிட்டதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பழையதை எல்லாம் கழித்தேன். அதில் சில வருடங்களுக்கு முன் முடித்த ஒரு கட்டுரைத் தொகுப்பின் ஃபோல்டரும் போயிற்று. ஷிஃப்ட்டும் டெலீட்டும் சேர்த்து அழுத்துவது என் கெட்ட பழக்கம், அதனால் ரீசைக்கிள் பின்னிலும் எதுவும் தங்கவில்லை. ஜூன் நடுவில், ஒரு பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்கு முன் பயந்து இன்னொரு இமேஜ் எடுத்தேன். அது வேறொரு பழைய டிஸ்க்கில். எடுத்ததை அத்தோடு மறந்தும் போனேன். இந்த வரிசையைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஜூலைக் கடைசியில் பதிப்பாளர் போன் செய்தார். அந்தக் கட்டுரைத் தொகுப்பு மறுபதிப்பு வருகிறது, ஃபைலை அனுப்ப முடியுமா என்றார். நான் நாளைக்கே அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டுத் தேடினேன், இல்லை. பதறவில்லை. மார்ச் இமேஜ் இருக்கிறதே! டிஸ்க்கைச் செருகித் திறந்தேன். ‘விண்டோஸ்இமேஜ்பேக்கப்’ என்று ஒரே ஒரு ஃபோல்டர். அதற்குள் என் கணினியின் பெயரில் ஒன்று, அதற்குள் பேக்கப் எடுத்த தேதியும் நேரமும் போட்ட இன்னொன்று. அதற்குள் எக்ஸ்எம்எல் ஃபைல்கள் ஒரு கூட்டம், நீளமான எண்ணும் எழுத்தும் கலந்த பெயரில் இரண்டு மூன்று பெரிய ஃபைல்கள். என் புத்தகம் எங்கே? எதுவும் புரியவில்லை. சரி, இதை விண்டோஸ்தான் பிரிக்கும் போல, ரீஸ்டோர் பக்கம் போனால் எந்த ஃபோல்டர் வேண்டும் என்று கேட்கும் என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன்.

அந்த முடிவுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. கணினியை ரெக்கவரி முறையில் துவக்கி, சிஸ்டம் இமேஜ் ரெக்கவரியைத் தேர்ந்தெடுத்தேன். மார்ச் தேதியைச் சரியாகக் காட்டியது. அடுத்து, அடுத்து என்று போனேன். கடைசியில் ஒரு சின்னப் பெட்டி வந்தது: ரீஸ்டோர் செய்யப்படும் டிரைவ்களில் உள்ள தரவு முழுவதும் இமேஜில் உள்ள தரவால் மாற்றப்படும், தொடரலாமா? நான் அதைப் படித்தேன். படிக்காமல் அழுத்தினேன் என்று சொன்னால் பொய். படித்துவிட்டு, ஏதோ சிஸ்டம் ஃபைல்களைப் பற்றிச் சொல்கிறது என்று நினைத்து ‘யெஸ்’ அழுத்தினேன். முக்கால் மணி நேரம் பச்சைப் பட்டை ஓடியது. நான் போய் ஒரு மெய்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

கணினி திறந்ததும் அந்த ஃபோல்டர் இருந்தது. சந்தோஷத்தில் பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டேன். பிறகுதான் முகப்புப் படம் பழையதாக இருப்பது கண்ணில் பட்டது. ஏப்ரலில் மாற்றிய படம் இல்லை. அந்த ஒரு நொடியில் வயிறு கலங்கியதை இப்போதும் உணர முடிகிறது. வேலை ஃபோல்டரைத் திறந்தேன். மார்ச்சுக்குப் பிறகு தொடங்கிய ஐந்து புத்தகங்களில் ஒன்றுகூட இல்லை. இரண்டு அச்சுக்குப் போகத் தயாராக இருந்தவை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், எனக்கு யாரும் சொல்லாதது. ஃபைல் பேக்கப் வேறு, சிஸ்டம் இமேஜ் வேறு. முன்னது உங்கள் ஃபைல்களின் பிரதி; அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுக்கலாம். இமேஜ் என்பது டிரைவின் அந்த நேரத்து அச்சு. அதை ரீஸ்டோர் செய்தால் டிரைவ் மொத்தமும் அந்தத் தேதிக்குப் போய்விடும். எது வேண்டும், எது வேண்டாம் என்று அது கேட்காது, கேட்கவும் தெரியாது. கணினி செத்துப்போய்ப் புது டிஸ்க் போட்டிருக்கும்போது இதைவிட நல்ல வசதி கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் ஒரு ஃபோல்டருக்காக இதைச் செய்வது, சாவி தொலைந்ததற்கு வீட்டை இடித்துக் கட்டுவது மாதிரி. இன்னொன்று: அந்தத் திரையில் டிஸ்க்கை ஃபார்மட் செய்து பிரிவுகளை மறுபடி அமைக்கும் ஒரு தேர்வும் இருக்கும். ஒரே டிஸ்க்கில் சி, டி என்று இரண்டு பிரிவு வைத்திருப்பவர்கள் டி-க்கு ஒன்றும் ஆகாது என்று நம்பி இருந்துவிடக் கூடாது. டி இமேஜில் சேர்ந்திருக்காவிட்டால் அதுவும் போகும்.

அன்று இரவே கணினியை அணைத்தேன். அது மட்டும்தான் நான் சரியாகச் செய்த காரியம். மறுநாள் டேட்டா ரெக்கவரி செய்யும் ஓர் இடத்தில் கொடுத்தேன். ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். பார்த்ததற்கே ஒரு கட்டணம், அது திரும்ப வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். என் ஒரு புத்தகக் கூலியில் பாதி அது. பத்தாவது நாள் எதுவும் கிடைக்கவில்லை என்று கையில் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், மேலே வேறு தரவு எழுதப்படாத இடங்களில் பழைய ஃபைல்கள் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டியில் கதை வேறு. இந்த இடம் இனித் தேவையில்லை என்று விண்டோஸ் ட்ரிம் என்ற கட்டளை மூலம் எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும், அதுவும் அந்த இடத்தைத் தன் போக்கில் துடைத்துவிடும். என் விஷயத்தில் அதன் மேலேயே முழு இமேஜும் எழுதப்பட்டிருந்தது. காசு கொடுக்கும் முன் எஸ்எஸ்டியா, ட்ரிம் ஓடியிருக்குமா, மேலே எழுதியாகிவிட்டதா என்று மூன்று கேள்வி கேட்டிருந்தால் அந்தப் பணம் மிச்சம். நான் கேட்கவில்லை. அந்த மனநிலையில் யாராவது நம்பிக்கையாக ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று இருந்தது.

அந்த ஒன்பது நாளில் மனைவியின் கணினியில் உட்கார்ந்து மின்னஞ்சலைக் குடைந்தேன். நூலாசிரியர்களுக்கு அனுப்பிய பிடிஎஃப்கள் கிடைத்தன. பிடிஎஃப் கிடைத்தது பாதி ஆறுதல்தான். அதிலிருந்து எழுத்தை உருவலாம், வடிவமைப்பை உருவ முடியாது. அடிக்குறிப்புகள் வரிக்கு நடுவில் வந்து விழும், வரி முடிவில் உடைந்த சொற்கள் உடைந்தே கிடக்கும்.

ஐந்தாம் நாள் தங்கை மகன் வேறு ஏதோ விஷயமாகப் பேசினான். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “மாமா, மார்ச்சுக்கு அப்புறம் வேற இமேஜே எடுக்கலயா?” என்றான். அப்போதுதான் ஜூன் டிஸ்க் ஞாபகம் வந்தது. அலமாரியில் கிடந்தது. அதிலிருந்து எடுத்தால் ஆறு வார வேலை மட்டும்தான் இழப்பு! உடனே, “அப்போ மடிக்கணினி வந்ததும் அதை ரீஸ்டோர் பண்ணிடறேன்” என்றேன். அவன் பதறிவிட்டான். “ஐயோ, ரீஸ்டோர் பேச்சையே எடுக்காதீங்க மாமா. அது ஒரு டிஸ்க் மாதிரிதான். மவுண்ட் பண்ணுங்க, அதாவது ஒரு டிரைவா இணைச்சுக்கோங்க, திறக்கும். வேணுங்கறத காப்பி பண்ணிக்கோங்க, அவ்வளவுதான்.” அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றான். மார்ச் இமேஜையும் அப்படியே திறந்திருக்கலாமா என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. பதில் எனக்கே தெரிந்துவிட்டது. இரண்டு நிமிட வேலை. ஃபோன் வைத்த பிறகு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த நீளப் பெயர் ஃபைல்களின் கடைசியில் விஎச்டிஎக்ஸ் என்று இருக்கும். விண்டோஸ் 7-இல் எடுத்த பழைய இமேஜாக இருந்தால் விஎச்டி. மெய்நிகர் ஹார்ட் டிஸ்க் என்று பொருள். உள்ளே ஒரு டிஸ்க் பிரிவு அப்படியே இருக்கிறது. இரண்டு மூன்று ஃபைல் இருந்தால் சின்னவை கணினி துவங்கத் தேவையானவை, பெரியதுதான் உங்கள் சி டிரைவ். என்னுடையது 286 ஜிபி. விண்டோஸ் 8-லும் அதற்குப் பிறகு வந்த எதிலும் இதை இருமுறை தட்டினாலே டிரைவாகத் திறந்துவிடும். விண்டோஸ் 7-க்கு விஎச்டி மட்டும்தான் தெரியும், விஎச்டிஎக்ஸ் தெரியாது.

ஆனால் இருமுறை தட்டாதீர்கள். அப்படித் திறந்தால் எழுதும் உரிமையோடு திறக்கும். விண்டோஸ் தன் பாட்டுக்கு அதற்குள் எதையாவது எழுதி வைக்கும், தவறிப்போய் நீங்களும் ஒன்றை நகர்த்திவிடுவீர்கள். கைபட்ட இமேஜை நம்பி நாளைக்கு முழு ரீஸ்டோர் செய்ய முடியாது. விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற கருவியைத் திறந்து, ஆக்‌ஷன் மெனுவில் ‘அட்டாச் விஎச்டி’ போய், ஃபைலைக் காட்டி, கீழே ‘ரீட்-ஒன்லி’ என்ற கட்டத்தில் டிக் போட்டுத் திறக்க வேண்டும். படிக்க மட்டும் திறந்தால் உள்ளே எதுவும் மாறாது. ஃபைலைக் காட்டும்போது அந்த ஃபோல்டருக்குள் போக அனுமதி இல்லை என்று நிற்கலாம். முதலில் சாதாரண எக்ஸ்ப்ளோரரில் அந்த ஃபோல்டரைத் தட்டி, ‘கன்டினியூ’ அழுத்தி உள்ளே போய்விட்டு வந்தால் பிறகு விடும். திறந்தும் டிரைவ் எழுத்து வரவில்லையா, டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே அந்தப் பிரிவை வலது தட்டி ஓர் எழுத்து கொடுத்தால் போதும். என் டிஸ்க் மேல் ஃபைல் கம்ப்ரெஷன் (ஃபைல்களைச் சுருக்கி வைக்கும் வசதி) போட்டிருக்கவில்லை. போட்டிருப்பவர்களுக்கு மவுண்ட் ஆகாது. கம்ப்ரெஷனை எடுத்துவிட்டு அல்லது என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான டிஸ்க் வடிவம்) உள்ள வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்து முயல வேண்டும்.

எனக்கு ‘ஜி’ என்று ஒரு டிரைவ் வந்தது. யூசர்ஸ் ஃபோல்டர், அதற்குள் என் பெயர். பார்த்ததும் கண் கலங்கியது, உண்மையாகவே. தட்டினேன். அனுமதி இல்லை. கன்டினியூ அழுத்தினேன். மறுபடி அனுமதி இல்லை. பத்து முறை அழுத்தியிருப்பேன்.

காரணம் பிறகுதான் விளங்கியது. நான் திறந்தது மனைவியின் கணினியில். இமேஜுக்குள் இருக்கும் ‘நான்’ வேறு, அந்தக் கணினியில் உட்கார்ந்திருக்கும் ஆள் வேறு. பெயர் ஒன்றாக இருந்தாலும் விண்டோஸுக்கு வேறுதான். ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் அடையாள எண் இருக்கிறது, அனுமதி அந்த எண்ணுக்குத்தான். கன்டினியூ அழுத்தினால் உங்கள் எண்ணையும் அனுமதிப் பட்டியலில் எழுத முயலும். நான் படிக்க மட்டும் திறந்திருப்பதால் எழுத முடியாது. ஆக நல்லது செய்யப்போய் நானே கதவைப் பூட்டியிருந்தேன். எழுதும் உரிமையோடு திறந்துவிடலாமா என்று சபலம் வந்தது. வேண்டாம். இருந்தது அந்த ஒரே பிரதி.

மருமகன் சொன்ன வழி ரோபோகாப்பி. விண்டோஸிலேயே இருக்கும் கட்டளை, கமாண்ட் ப்ராம்ட்டை நிர்வாகியாகத் திறந்து ஓட்ட வேண்டும். அதில் ‘பி’ என்றொரு தேர்வு இருக்கிறது, பேக்கப் முறை என்று அர்த்தம். நிர்வாகியாக ஓடும்போது அது அனுமதிப் பட்டியலைக் கண்டுகொள்ளாமல் படித்துக்கொடுத்துவிடும். துணை ஃபோல்டர்களுக்கு ‘ஈ’. இந்த இரண்டையும் போட்டு யூசர்ஸ் ஃபோல்டர் முழுவதையும் புதிதாக வாங்கிய டிஸ்க்குக்கு நகலெடுக்கச் சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன். புது டிஸ்க் வாங்கியது தனிச் செலவு, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் பார்த்தால் இரண்டு கூத்து. முதலாவது, நான் கேட்காத ஃபைல்கள் பல ஜிபி வந்திருந்தன, எல்லாம் மனைவியின் கணினியில் இருப்பவை! யூசர்ஸுக்குள் ‘ஆல் யூசர்ஸ்’ மாதிரி சில போலி ஃபோல்டர்கள் உண்டு. அவை வெறும் இணைப்புகள், சி டிரைவின் இன்ன இடத்துக்குப் போ என்று முழு முகவரியோடு கைகாட்டுபவை. இமேஜுக்குள் இருந்தாலும் அது காட்டுவது இப்போது ஓடும் கணினியின் சி-யை. இன்னும் சில இணைப்புகள் சுற்றிச் சுற்றித் தன்னிடமே வந்து, ஒரே ஃபோல்டருக்குள் அதே ஃபோல்டர், அதற்குள் அதே ஃபோல்டர் என்று இறங்கிக்கொண்டே போகும். இதைத் தடுக்க ‘எக்ஸ்ஜே’ என்ற தேர்வைச் சேர்க்க வேண்டும். முழு யூசர்ஸையும் இழுக்காமல் வேண்டிய ஃபோல்டரை மட்டும் சொல்வது அதைவிட நல்லது.

இரண்டாவதுதான் வயிற்றெரிச்சல். இரவு இரண்டு மணி சுமாருக்கே நகல் நின்றுபோயிருந்தது. பிழை 23, தரவைப் படிக்க முடியவில்லை, 30 நொடி காத்திருக்கிறேன், மறுபடி முயல்கிறேன், மறுபடி 30 நொடி. பழைய டிஸ்க்கில் ஓரிடம் கெட்டிருக்கிறது. ரோபோகாப்பி இயல்பாக ஒரு ஃபைலுக்கு எத்தனை முறை முயலும் தெரியுமா? 10 லட்சம் முறை. ஒவ்வொரு முறைக்கும் நடுவில் 30 நொடி. நான் எழுப்பாமல் இருந்திருந்தால் கிட்டத்தட்ட ஒரு வருஷம் அங்கேயே நின்றிருக்கும். யார் இந்த எண்ணை வைத்தார்களோ, அவருக்குப் பொறுமை அதிகம். ‘ஆர்’ என்ற தேர்வுக்கு 1, ‘டபிள்யூ’ என்ற தேர்வுக்கு 1 கொடுத்தால் ஒருமுறை முயன்றுவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போய்விடும். எது விட்டுப்போனது என்று அது காட்டும் பிழை வரிகளில் தெரியும். நின்றுபோன அந்த ஃபைல் என்னவென்று பார்த்தேன். ஒரு பிரவுசர் சேமித்து வைத்த தற்காலிகக் குப்பை. அதற்காக அந்தக் கெட்ட இடத்தை டிஸ்க் விடிய விடிய உரசிக்கொண்டிருந்தது.

அதனால் கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் இமேஜ் இருந்தால் வரிசை முக்கியம். முழு 286 ஜிபி ஃபைலையும் முதலில் வேறிடத்துக்கு நகலெடுக்கலாம் என்றுதான் தோன்றும். சாதாரண நகலில் நடுவில் ஒரு கெட்ட இடம் வந்தால் அந்த ஒரு ஃபைலின் நகல் மொத்தமும் முறிந்துவிடும், கையில் ஒன்றும் மிஞ்சாது. நான் இருந்த இடத்திலேயே திறந்து, மிக முக்கியமான ஃபோல்டர், அடுத்து அதற்கடுத்தது என்று ஒவ்வொன்றாக எடுத்தேன். அச்சுக்குத் தயாராக இருந்த இரண்டு புத்தகங்கள் முதல் இருபது நிமிடத்தில் வந்துவிட்டன. இதுவே ‘டக் டக்’ என்று சத்தம் போடும் டிஸ்க்காக இருந்தால் இப்படி விளையாடக் கூடாது, மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு விவரம் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்குத் தாமதமாகத் தெரிந்தது. 7-ஜிப் என்ற இலவச மென்பொருளின் புதிய பதிப்புகள் விஎச்டி, விஎச்டிஎக்ஸ் இரண்டையும் ஜிப் ஃபைல் மாதிரித் திறந்து காட்டும். மவுண்டே தேவையில்லை, உள்ளே இருக்கும் அனுமதிகளையும் அது பார்ப்பதில்லை. ஒன்றிரண்டு ஃபைல் மட்டும் வேண்டும் என்றால் இதுவே சுலபம். மருமகனிடம் கேட்டேன், இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று. “ரோபோகாப்பி தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லது மாமா” என்றான்.

ஃபைல்கள் வந்துவிட்டன, திறந்தேன், ஒரு புத்தகம் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. பயந்துவிடாதீர்கள், எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்து தரும் நூலாசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் தமிழ் தெரியாது. ஏப்ரலில் அந்தப் புத்தகத்தின் ஆசிரியர் தந்த எழுத்துருவை நிறுவியிருந்தேன், எனவே இமேஜில் இருக்க வேண்டும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸில் தேடினேன், இல்லை. விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளில் சாதாரணமாக நிறுவும் எழுத்துரு அந்தந்தப் பயனரின் இடத்துக்குப் போகிறது: ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர், வியூ மெனுவில் மறைந்தவற்றைக் காட்டச் சொன்னால்தான் தெரியும். பக்கம் வடிவமைப்பவர்கள் இதை மறக்கவே கூடாது. குரோம் புக்மார்க்குகளும் ஸ்டிக்கி நோட்ஸ் குறிப்புகளும்கூட ஆப்டேட்டாவுக்குள்தான் இருக்கின்றன. பிரவுசர் சேமித்த கடவுச்சொற்களை மட்டும் நம்பாதீர்கள். அவை பழைய விண்டோஸ் கணக்கோடு சேர்த்துப் பூட்டப்பட்டவை, ஃபைலை நகலெடுத்தால் திறக்காது.

கடைசியாக ஒரு திகில். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவின் ஃபோல்டரில் சில ஃபைல்களின் பெயர் தெரிந்தது, அளவும் தெரிந்தது, நகலெடுத்தால் மட்டும் கிளவுட் ஃபைல் வழங்குநர் இயங்கவில்லை என்று பிழை. இடத்தை மிச்சம் பிடிக்க ஃபைலை இணையத்திலேயே வைத்துவிட்டு, கணினியில் வெறும் பெயர்ப்பலகையை மட்டும் விட்டுவைக்கும் வசதியை நான் எப்போதோ போட்டிருந்தேன். இமேஜ் எடுத்தபோது அந்தப் பெயர்ப்பலகைதான் இமேஜுக்குள் போயிருக்கிறது. அசல் இணையத்தில் பத்திரமாக இருந்தது, உலாவியில் போய் இறக்கிக்கொண்டேன். ஆனால் முழு டிரைவையும் இமேஜ் எடுத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருந்த எனக்கு அது முழுதல்ல என்று தெரிந்தது அன்றுதான். அந்தக் கணக்கையும் இடையில் மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

வேறு மென்பொருளில் இமேஜ் எடுப்பவர்களுக்கு இந்த விவரமெல்லாம் அப்படியே பொருந்தாது. மேக்ரியம், அக்ரோனிஸ் போன்றவற்றுக்குத் தனி வடிவம், அந்தந்த மென்பொருளே உள்ளே புகுந்து ஃபைலை எடுத்துத் தரும். மென்பொருள் கைவசம் இல்லாவிட்டால் இமேஜ் ஒரு கல். குளோன்ஸில்லா இலவசம், நம்பகமானது, ஆனால் அதன் இமேஜை நேரடியாகத் திறக்க முடியாது. பார்ட்குளோன் என்ற கருவியால் முதலில் சாதாரண டிஸ்க் இமேஜாக மாற்ற வேண்டும், அதற்கு முழு டிரைவ் அளவுக்கு இடம் வேண்டும். எதுவாக இருந்தாலும் இமேஜ் எடுப்பதற்கு முன்பே, இதிலிருந்து ஒரு ஃபைலை எடுப்பது எப்படி என்று பார்த்து வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். விண்டோஸின் இந்த இமேஜ் வசதியையும் மைக்ரோசாஃப்ட் 2017-லேயே கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டது. இன்னும் வேலை செய்கிறது, இனி மேம்படாது.

இப்போது நான் செய்வது வேறு. வேலை ஃபோல்டர் தினமும் தனியாக, ஃபைல் ஃபைலாக, வேறொரு டிஸ்க்குக்குப் போகிறது. இமேஜ் மாதம் ஒன்று, கணினி சாகும் நாளுக்காக மட்டும். எடுத்ததும் அதைப் படிக்க மட்டும் திறந்து, ஏதாவது மூன்று ஃபைலைத் திறந்து பார்க்கிறேன். ஒன்று கட்டாயம் ஆப்டேட்டாவுக்குள் இருந்து. பார்த்து முடித்ததும் டிஸ்க் மேனேஜ்மென்டில் ‘டிடாச்’ கொடுத்த பிறகுதான் கம்பியைப் பிடுங்குகிறேன். பழைய இமேஜ் ஃபோல்டரைப் பத்திரப்படுத்துபவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: அந்தப் பெயரோடு, டிஸ்க்கின் மேல் மட்டத்தில் இருந்தால்தான் ரெக்கவரி அதைக் கண்டுபிடிக்கும். ‘பழையவை’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் தள்ளினால் மவுண்ட் ஆகும், ரீஸ்டோருக்குத் தெரியாது. ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் தேதி எழுதி ஒட்டியிருக்கிறேன். அந்தச் சீட்டு முன்பே இருந்திருந்தால் ஜூன் இமேஜ் எனக்கு முதல் நாளே ஞாபகம் வந்திருக்கும்.

மொத்தக் கணக்கு: பதினாறு நாள், ரெக்கவரிக் கட்டணம், ஒரு புது டிஸ்க். ஐந்து புத்தகங்களில் நான்கு ஜூன் இமேஜிலிருந்து முழுதாக வந்தன. ஐந்தாவது ஜூலையில்தான் தொடங்கியது, 212 பக்கம், மூன்றாம் மெய்ப்புத் திருத்தம் வரை முடிந்திருந்தது. நூலாசிரியரிடம் உள்ளதைச் சொன்னேன். அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை, தாளில் சிவப்பு மையால் திருத்திய மூன்று மெய்ப்புகளையும் கட்டிக் கொடுத்தனுப்பினார். மேல் தாளில், இந்த முறை 140ஆம் பக்கத்து அடிக்குறிப்பையாவது ஒழுங்காகப் போடுங்கள் என்று எழுதியிருந்தது. முதல் இரண்டு முறையும் அதைத் தப்பாகத்தான் போட்டிருந்தேன்.